ஒரே ஒலி, எதிரெதிர்க் கால்கள்: எம்மன்ஸ் அமைப்பும் டே அமைப்பும்

பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள் இருவர் சந்தித்தால் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: “நீங்கள் எம்மன்ஸா, டேயா?” இருவரும் ஒரே பாட்டை ஒரே மாதிரி வாசிக்கக்கூடும். பதிவை மட்டும் கேட்டுவிட்டு யார் எந்த அமைப்பில் வாசித்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. வேறுபாடு முழுவதும் கருவிக்கு அடியில், கம்பிகளின் சுரத்தை மாற்றும் பெடல்களையும் லீவர்களையும் இயக்கும் இடது காலில் இருக்கிறது.

ஒற்றைக் கழுத்துக் கருவியின் வழக்கமான உருவம் இது: இ9 சுருதியில் 10 கம்பிகள், இடது பாதத்துக்கு 3 பெடல்கள், முழங்கால்களுக்கு 4 அல்லது 5 லீவர்கள், வலது பாதத்துக்குத் தனியாக ஒரு வால்யூம் பெடல். இரட்டைக் கழுத்துக் கருவியில் சி6 சுருதியில் அமைந்த இரண்டாம் கழுத்துக்கென்று மேலும் பல பெடல்கள் இருக்கும். ஒற்றைக் கழுத்தில் அந்தச் சுமை இல்லை. அதனாலேயே மூன்று பெடல்களின் வரிசை பளிச்சென்று தெரிகிறது.

கதை 1954-இல் கன்ட்ரி இசைப் பாடகர் வெப் பியர்ஸ் பாடி வெற்றிபெற்ற ‘ஸ்லோலி’ பாட்டில் தொடங்குகிறது. அதில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். இரண்டு சுரங்கள் வழுக்கி மேலேற, ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதுவரை கம்பிகள்மேல் வைத்த எஃகு உருளையை நகர்த்தி எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக ஏற்றி இறக்கியவர்களுக்கு இது புது உலகம். ஐசக்ஸின் பெடல் அந்த இரு சுரங்களையும் சேர்த்தே தூக்கியது. அந்த வேலையை இரண்டு பெடல்களாகப் பிரித்தவர்கள் இண்டியானாக்காரரான பட்டி எம்மன்ஸும் (1937–2015) அலபாமாவில் பிறந்த ஜிம்மி டேயும் (1934–1999). இருவரும் கன்ட்ரி பாடகர் ரே பிரைஸின் இசைக்குழுவில் வாசித்தவர்கள், ஒருவர் வாசிப்பை மற்றவர் நன்றாக அறிந்தவர்கள். ஒரே எண்ணத்தைச் செயல்படுத்தினார்கள், ஆனால் பெடல்களை எதிர் வரிசையில் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தற்செயலின் விளைவு இன்றுவரை தீரவில்லை.

எந்தப் பெடல் என்ன செய்கிறது என்பதைக் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்குச் சுர மொழியிலேயே சொல்லிவிடலாம். இ சுரத்தை ஷட்ஜமாகக் கொள்வோம். ஏ பெடல் பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏற்றுகிறது. பி பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்யமத்துக்கு ஏற்றுகிறது. சி பெடல் 4-ஆம் கம்பியின் ஷட்ஜத்தைச் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் 5-ஆம் கம்பியின் பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதத்துக்கும் தூக்குகிறது. முழங்கால் லீவர்களில் இரண்டு முதன்மையானவை. எஃப் லீவர் ஷட்ஜத்தை அரைப்படி ஏற்றும். இ லீவர் அதையே அரைப்படி இறக்கும். நம் மரபில் அசையாச் சுரங்கள் என்று விலக்கிவைத்த ஷட்ஜமும் பஞ்சமமும்தான் இந்தக் கருவியில் அதிகம் அசைகின்றன. வித்வான்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த அளவில் இரு அமைப்புகளும் ஒன்றே. எம்மன்ஸ் அமைப்பில் பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. டே அமைப்பில் சி, பி, ஏ. இரண்டிலும் பி நடுவில் இருப்பது யோசித்துச் செய்த காரியம். ஏ, பி இரண்டையும் ஒரே பாதத்தால் மிதித்தால் நான்காம் படியின் மேஜர் கார்டு கிடைக்கும். பி, சி இரண்டையும் மிதித்தால் இரண்டாம் படியின் மைனர் கார்டு. இவ்விரண்டு ஜோடிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஏ-யும் சி-யும் சேரத் தேவையே இல்லை, ஏனென்றால் இரண்டும் 5-ஆம் கம்பியை அதே இடத்துக்குத்தான் இழுக்கின்றன.

ஆக, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம், எதை எடுத்தாலும் என்ன என்று தோன்றும். முழங்காலைக் கணக்கில் சேர்க்கும்வரை அப்படித்தான் தோன்றும்.

ஏ, பி இரண்டையும் மிதித்திருக்கும் பாதம், பி-யை மட்டும் விடுவதற்குத் தூக்கி வைக்காது. ஒரு பக்கமாகச் சாயும். எம்மன்ஸ் அமைப்பில் ஏ தனியாக ஒலிக்கப் பாதம் இடப்புறம், அதாவது வெளிவிளிம்பில் சாய வேண்டும். டே அமைப்பில் அதே சுரத்துக்கு வலப்புறம், உள்விளிம்பில் சாய வேண்டும். இப்போது எஃப் லீவரைச் சேர்ப்போம். ஏ பெடலும் எஃப் லீவரும் சேர்ந்தால் ஒரு மேஜர் கார்டு பிறக்கிறது. ஜி மேஜரை எடுத்துக்கொண்டால், பெடல் எதுவும் மிதிக்காமல் 3-ஆம் கட்டில் (ஃப்ரெட்) அது கிடைக்கும். ஏ-யும் எஃப்-உம் சேர்த்தால் 6-ஆம் கட்டில். ஏ-யும் பி-யும் சேர்த்தால் 10-ஆம் கட்டில். ஒரே கார்டுக்கு மூன்று வீடுகள். இந்த மூன்றுக்குள் நழுவி நழுவிப் போவதில்தான் ஸ்டீல் வாசிப்பின் பாதி அழகு இருக்கிறது. இடைநிலைக்குப் போகும்போது பாதம் ஏ பக்கம் சாய்ந்துகொண்டே முழங்கால் எஃப் லீவரைத் தள்ள வேண்டும். பாதமும் முழங்காலும் ஒரே திசையில் போனால் கால் ஒரே அசைவாக வழுக்கும். எதிர்த் திசைகளில் போனால் முறுக்கிக்கொள்ளும்.

அதனால்தான் எம்மன்ஸ் அமைப்பில் எஃப் லீவர் இடது முழங்காலின் இடப்பக்கத்திலும், டே அமைப்பில் வலப்பக்கத்திலும் இருக்கிறது. இ லீவர் இதற்கு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது, அதுவும் பொருந்தியே வருகிறது. பி பெடலும் இ லீவரும் சேர்ந்தால் ஐந்தாம் படியின் செவன்த் கார்டு. எம்மன்ஸ் அமைப்பில் பி-க்காகப் பாதம் வலப்புறம் சாயும்போது இ லீவரும் வலப்புறமே இருக்கிறது. டே அமைப்பில் இரண்டும் இடப்புறம்.

கருவியைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். பெடல் வரிசையை மட்டும் திருப்பிவிட்டு லீவர்களை இருந்த இடத்தில் விட்டால், கிடைப்பது எம்மன்ஸும் அல்ல டேயும் அல்ல. மூன்று பெடல்களையும் இரண்டு இடது முழங்கால் லீவர்களையும் பிரிக்க முடியாத ஒரே தொகுதியாகத்தான் பார்க்க வேண்டும்.

உடலுக்கு எது இணக்கம்? கணுக்கால் உள்விளிம்பில் சாய்வதைவிட வெளிவிளிம்பில் அதிகம் சாயும். இது எம்மன்ஸ் அமைப்பின் ஏ, எஃப் சேர்க்கைக்குச் சாதகம். ஆனால் அதிகம் மிதிக்கப்படும் ஏ, பி ஜோடி அதில் இடக்கோடியில் இருக்கிறது. டே அமைப்பில் அது உடலின் நடுவை நோக்கி ஒரு பெடல் அளவு தள்ளி வருவதால் இடது கால் அவ்வளவு அகல வேண்டியதில்லை. இரட்டைக் கழுத்துக் கருவியில் இந்த வாதத்துக்குக் கனம் உண்டு. மூன்றே பெடல் உள்ள ஒற்றைக் கழுத்தில் நாற்காலியைச் சற்று இடப்பக்கம் நகர்த்திப்போட்டாலே பாதி தீர்ந்துவிடும்.

எந்த அமைப்பானாலும் அளவு பார்த்துப் பொருத்தும் வேலை ஒன்றுதான். பெடல் தண்டின் நீளத்தைச் சரிசெய்து ஏ-யும் பி-யும் மிதித்த நிலையில் ஒரே மட்டத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். ஒன்று முன்னதாகத் தட்டி நின்றால் பாதம் சாயும் அசைவு கெட்டுவிடும். ஏ, பி மேல் பாதம் இருக்கும்போது முழங்கால் இரண்டு லீவர்களுக்கும் நடுவே எதையும் தொடாமல் நிற்க வேண்டும். உரசினால் ஷட்ஜம் நடுங்கும். எஃப் லீவரின் சுரத்தைத் தனியாக வைத்துச் சுருதி சேர்க்கக் கூடாது. ஏ பெடலோடு சேரும்போது அது அந்தக் கார்டின் காந்தாரம் ஆகிறது. ஆகவே ஏ-யை மிதித்தபடி, சற்றே தாழ்த்திச் சேர்த்தால்தான் இனிக்கும்.

வலது முழங்கால் இந்தச் சண்டையில் இல்லை. 2-ஆம் கம்பியையும் 9-ஆம் கம்பியையும் இறக்கும் லீவர் வலப்பக்கம் இருப்பது பொது வழக்கம். இடப்பக்க லீவருக்கு ஆளுக்கொரு விருப்பம். அங்கே கவலை வேறு: அந்தப் பாதம் வால்யூம் பெடலில் இருக்கிறது. முழங்காலை அகலமாக வீச வேண்டியிருந்தால் ஒலியின் அளவும் கூடவே ஆடும். லீவரின் வீச்சைக் குறுக்கமாக வைப்பது நல்லது.

இனி நடைமுறை. பெரும்பான்மையோர் எம்மன்ஸ் அமைப்பில் வாசிக்கிறார்கள். பழைய கருவிகள் அதில்தான் அதிகம் கிடைக்கும், ஆசிரியர்களும் அப்படியே. டேப்லேச்சர் ஏ, பி, சி என்று வேலையைக் குறித்து எழுதப்படுவதால் பாடநூல்கள் இருவருக்கும் பொருந்தும். எதிரில் உட்கார்ந்து ஆசிரியரின் காலைப் பார்த்துக் கற்பவருக்குத்தான் சிக்கல். புதிதாகத் தொடங்குபவர் கால்மூட்டில் தொல்லை எதுவும் இல்லையென்றால் எம்மன்ஸையே எடுக்கலாம் என்பேன். கால் தடுத்தால் டேயை எடுப்பதில் தயங்க வேண்டாம். இசையில் எதுவும் குறையாது.

சுரத்தை ஏற்றவும் இறக்கவும் இழுப்பையே பயன்படுத்தும் ஆல்-புல் வகைக் கருவியில் பிறகு மாறுவதும் முடியும். அடிப்பக்கத்தில் 1-ஆம், 3-ஆம் பெடல்களின் குறுக்குத் தண்டுகளில் உள்ள இழுகம்பிகளையும், இடது முழங்காலின் இரு லீவர்களுடையவற்றையும் இடம் மாற்றினால் போதும். பி பெடலைத் தொடவே வேண்டாம். எம்மன்ஸ் நிறுவனத்தின் பழைய புஷ்-புல் கருவிகளில் மட்டும் இது எளிதல்ல. அவற்றின் நெம்பும் முறை வேறு. அப்படிப்பட்ட ஒன்று டே அமைப்பில் கைக்கு வந்தால், விலை பேசும் முன்பே உட்கார்ந்து ஏ-யையும் எஃப்-ஐயும் சேர்த்து ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட வேண்டும்.