மளிகைக் கடை (தருமபுரி மாவட்டம்)

தருமபுரி மாவட்டத்து மளிகைக் கடை பெரும்பாலும் ஒரே குடும்பம் முதல் போட்டு, அந்தக் குடும்பத்தாரே கல்லாவில் உட்கார்ந்து நடத்தும் தனிக்கடை. அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் தொடங்கி சோப்பு, கற்பூரம், தீப்பெட்டி வரை எல்லாம் அங்கே கிடைக்கும். வட தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போல இங்கும் தென்மாவட்டத்து வியாபாரிகள் நடத்தும் ‘அண்ணாச்சி கடை’ உண்டு. உள்ளூர்க்காரர்களின் கடைகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குவதைக் கேட்கலாம்.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 15 இலட்சம். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமவாசிகள். மாதச் சம்பளக்காரர்கள் குறைவு. அதனால் கடைக்காரருக்குச் சரக்கை விற்பது பெரிய பாடில்லை. கொடுத்த சரக்குக்குப் பணம் எந்த மாதம், எந்த வழியாக வரும் என்று கணிப்பதில்தான் தொழிலே இருக்கிறது.

பற்றும் வரவும்

வாடிக்கைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் உண்டு. கறவை மாடு வைத்திருப்பவர் பால் பணம் வந்ததும் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிடுவார். பட்டுப்புழு வளர்ப்பவருக்கு ஏறத்தாழ நான்கு வாரத்தில் ஒரு கூடு அறுவடை. தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் முடிந்ததும் கைக்குக் காசு வரும். கரும்புக்காரர் கதை வேறு. பயிர் விளையவே ஏறக்குறைய ஓராண்டு ஆகும். பாலக்கோடு ஆலைக்கோ, அரூர் பக்கம் கோபாலபுரத்து ஆலைக்கோ வெட்டி அனுப்பிய பிறகும் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். மரவள்ளியும் மஞ்சளும் அப்படியே நீளும். தக்காளி விலையோ யார் கையிலும் இல்லை. பெங்களூரு, ஓசூர், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டில் பொங்கலும் தீபாவளியும்தான் பாக்கி தீரும் நாள்கள்.

கம்பெனிச் சரக்கைக் கொண்டுவரும் லைன் வண்டிக்காரர் இந்தப் பருவங்களை எல்லாம் பார்க்க மாட்டார். போன வாரச் சரக்குக்குக் காசு கொடுத்தால்தான் இந்த வாரம் சரக்கு இறக்குவார். ஆகவே கரும்புக்காரரின் ஆண்டுக் கடனைச் சுமக்கும் கடைக்கு, அன்றாடம் ரொக்கம் தரும் பால்காரர்களும் கூலிக்காரர்களும் போதிய அளவில் வேண்டும். ஒரே பயிரை நம்பிய ஊரில் கடை வைத்தவர் மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பயிரோடு சேர்ந்தே விழுவார்.

90 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை 100 ரூபாய்க்குக் கடனாகக் கொடுத்து, அது வராமலே போனால், போன முதலை மீட்க இன்னும் 900 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். கடை வாடகையும் மின்கட்டணமும் இதில் சேரவில்லை. கடனே கொடுக்காத கடைக்கோ கிராமத்தில் ஆள் வருவது அரிது. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற அட்டை தொங்கும் கடைகளிலும் உள்ளே நோட்டு இருக்கத்தான் செய்கிறது.

கொள்முதல்

பருப்பு, மிளகாய், மசாலாச் சரக்குகளுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பழைய மொத்தச் சந்தை. பாக்கெட் சரக்கில் உறையிலேயே விலை அச்சிட்டிருப்பதால் அதற்கு மேல் விற்கக் கூடாது. கடைக்காரருக்கு நிற்பது சொற்பம். சில்லறையாக நிறுத்துத் தரும் சரக்கில்தான் லாபம் சற்றுக் கூடும். அதோடு, 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்ட அரிசி, பருப்புக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது; மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தருவதற்கு அந்த வரி கிடையாது.

உள்ளூர் விளைச்சலை எப்போது வாங்குவது என்று தெரிந்தவருக்கு இங்கே தனி வாய்ப்பு இருக்கிறது. மாசி, பங்குனியில் புளி இறங்கும்போது வாங்கி வைத்தால் விலை ஏறும் மாதங்களுக்கு உதவும். ஆனால் நாளாக ஆக புளி கறுக்கும், கறுத்தால் விலை இறங்கும். கேழ்வரகும் சாமையும் இந்த மாவட்டத்தின் பழைய சாப்பாடு. இப்போது நகரத்திலிருந்தும் அவற்றைக் கேட்டு வருகிறார்கள்.

ரேஷன் கடையைப் போட்டியாகச் சொல்வது முழுக்கச் சரியல்ல. 2011 ஜூன் முதல் அங்கே அரிசி இலவசம் என்பதால் மளிகைக் கடை நயம் அரிசிக்கு நகர்ந்துவிட்டது. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. சாதாரணக் கேழ்வரகுக்கு அது இடைஞ்சல்தான். கல் நீக்கிச் சுத்தம் செய்து அரைத்த மாவுக்கு அவ்வளவு இல்லை.

சட்டம், சங்கம்

உணவுப் பாதுகாப்புப் பதிவும், எடைக் கருவிக்குத் தொழிலாளர் துறையின் முத்திரையும் கட்டாயம். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை தமிழ்நாட்டில் தடை. வணிகர் நல வாரியம் 1989-இல் அமைந்தது. மே 5-ஐ வணிகர் சங்கங்கள் வணிகர் தினமாகக் கொண்டாடுகின்றன. அன்று பல கடைகளுக்கு விடுமுறை.

சூப்பர் மார்க்கெட்

1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை, வாடிக்கையாளரே உள்ளே போய்ச் சரக்கை எடுத்துக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. தருமபுரி நகரத்திலும் இப்போது அது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த முறைக்கு ரொக்கம்தான் ஒத்துவரும். வாசலில் நிற்கும் காசாளருக்கு எந்த வீட்டில் எப்போது கூடு அறுப்பார்கள் என்று தெரியாது. தெருக்கடை அதே முறையை அரைகுறையாகப் பின்பற்றி, அலமாரியைத் திறந்துவைத்துவிட்டுக் கடனையும் விடாமல் இருந்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

கைபேசிப் பணம் வந்தபின் பாக்கி வசூலில் ஒரு மாற்றம் தெரிகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுச் செலவுக்கான தொகையில் ஒரு பங்கை நேரே கடைக்காரரின் எண்ணுக்கே அனுப்பிவிடலாம். அப்படிச் செய்யும் குடும்பங்களின் பாக்கி பொங்கல் வரை காத்திருப்பதில்லை.