பொருந்தாத சில்லோடு கொஞ்சத் தூரம் ஓடலாமா? நாவலப்பிட்டியில் கற்றது

பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போனேன். 1977 வன்முறைக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. தங்கை மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். அவர் படுத்த படுக்கை என்று செய்தி வந்திருந்தது.

கம்பளை தாண்டி நாவலப்பிட்டி நகருக்குள் நுழையும்போது நல்ல மழை. முன் இடது ரயரின் பக்கம் கிழிந்தது. மேலதிக சில்லிலும் காற்றில்லை, ரயர் வெடித்திருந்தது. புறப்படுமுன் பார்க்காதது என் பிழை. தோட்டத்துக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர், எல்லாம் ஏற்றமும் வளைவும்.

ஓர் ஆட்டோக்காரர் பழைய ஹொண்டா ஃபிட் சில்லொன்றைக் கொண்டுவந்தார். என்னுடையது டொயோட்டா விட்ஸ். இரண்டுக்கும் நான்கு ஓட்டை, 100 மில்லிமீற்றர் வட்டம்; பூட்டினால் ஏறும். "வன்னியில கிடைச்சதைப் பூட்டித்தானே ஓடினம், பூட்டு" என்றார் பெரியம்மா. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடியதைக் கண்டவர் அவர்.

ரயர் கடைக்காரர்தான் தடுத்தார். "தம்பி, ரயர் பிரச்சினையில்ல. ரிம்தான் வேற."

அவர் சொன்னது சரி. என் ரயர் 165/70 ஆர் 14, உயரம் சுமார் 587 மில்லிமீற்றர். ஹொண்டாவினது 175/65 ஆர் 14, சுமார் 583. வித்தியாசம் ஒரு வீதம்கூட இல்லை. ஆனால் ஹொண்டா ரிம்மில் நட்டு அமரும் குழி உருண்டை; என் இரும்பு ரிம்மின் நட்டோ கூம்பு வடிவம். புரி ஒன்றே என்பதால் இறுகியதுபோலத் தோன்றும். உள்ளே மெல்லிய விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். நடுத்துளையிலும் பேதம்: டொயோட்டாவுக்கு 54.1, ஹொண்டாவுக்கு 56.1 மில்லிமீற்றர். அந்த இடைவெளியால் சில்லு நடுவில் நிற்காது. சில்லு கழன்றால் ஏழு கிலோமீற்றர் என்ன, எழுநூறு மீற்றர் என்ன.

அவர் செய்தது எளிய வேலை. ஹொண்டா ரிம்மிலிருந்து ரயரைக் கழற்றி என் ரிம்மில் ஏற்றினார். அதைப் பின்னால் பூட்டி, பின்னாலிருந்த என் நல்ல சில்லை முன்னுக்குக் கொண்டுவந்தார். விட்ஸில் இழுப்பதும் திருப்புவதும் பெரும்பாலும் பிரேக் பிடிப்பதும் முன் சில்லுகள். முன்னால் உயரம் வேறான இரண்டு ரயர் இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டிஃபரன்ஷியலும் ஓய்வில்லாமல் உழைத்துச் சூடாகும். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமென்றால் பின்னால் மாற்றியும் தப்ப முடியாது; அதை ஏற்றிக்கொண்டு போவதே மேல்.

பழைய ரயர் வாங்கும்போது பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய கார்களைப் பழைய உதிரிகளால்தான் ஓட்டினோம். இன்றும் பலர் அப்படித்தான்.

முப்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவில்லை. இரண்டு கிலோமீற்றரில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கினேன். ஒன்று கால் சுற்று கொடுத்தது. பெரியம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார். இருட்டுமுன் போய்ச் சேர்ந்தோம். தங்கை விழித்திருந்தார்.

மறுநாள் கம்பளைக்கு இறங்கி ஒரே அளவில் இரண்டு ரயர் வாங்கினேன். மேலதிக சில்லுக்கும் ஒன்று.