கோவணமும் பிரமசரியக் கட்டுகளும்

கோவணம் என்பது இடுப்புக் கயிற்றில் முன்னும் பின்னும் செருகி, ஆண்குறியையும் விதைப்பையையும் தாங்கி மறைக்கும் துணிப்பட்டை. வடமொழி நூல்கள் இதைக் கௌபீனம் என்கின்றன, பேச்சில் கோமணம், வடநாட்டு மல்லர்களிடம் லங்கோடு. ஏர் பிடிப்பவனுக்கு இது வேலை உடை, மல்லனுக்குக் காப்பு, பிரமசாரிக்கும் துறவிக்கும் காமத்தை அடக்கும் நோன்பின் அடையாளம், கருவியும்கூட. இக்கட்டுரை கடைசிப் பயனையே முதன்மையாகக் கொள்கிறது. மரத்தாலும் இரும்பாலும் செய்த ஆண் கற்புப் பூட்டுகளும் அதே நோக்கத்தில் பிறந்தவை ஆதலால் அவையும் இங்கே இடம்பெறுகின்றன.

தோற்றம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரம் நெல்லும் மல்லாட்டை என்ற நிலக்கடலையும் விளையும் பூமி. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் அங்கே வயலில் இறங்கிய ஆண்களுக்குக் கோவணமே உடை. முழங்கால் அளவு சேற்றில் வேட்டி சிக்கும், நனைந்து கனக்கும். கோவணம் இரண்டையும் செய்யாது. வெயிலில் ஒரு நாழிகையில் காய்ந்துவிடும். துறவிகள் இந்த உடையை உழவரிடமிருந்தே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஊரில் மிகக் குறைந்த உடைமை உள்ளவன் எதைக் கட்டினானோ அதையே, உடைமை வேண்டாம் என்றவனும் கட்டினான்.

சமய மரபுகள் இந்த உடைக்கு விதிகளும் வகுத்தன. மனுநூல் பிரமசாரியின் இடைக்கயிற்றைக்கூட வருணப்படி பிரிக்கிறது: பிராமணனுக்கு முஞ்சைப் புல், சத்திரியனுக்கு மூர்வை நாரால் ஆன வில்நாண், வைசியனுக்குச் சணல். உபநயனத்தின்போது சிறுவனுக்குக் கௌபீனம் கட்டுவது இன்றும் உண்டு. திகம்பர சமணத்தில் இல்லறத்தானுக்குரிய பதினொரு படிகளில் கடைசிப் படியை எட்டியவர் இரு வகை. க்ஷுல்லகர் கோவணத்தோடு மேலாடையும் வைத்துக்கொள்வார்; ஐலகர் கோவணம் ஒன்றோடு நிற்பார். அதையும் களைந்தால் முனிவர். செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூரிலும் போளூரை அடுத்த திருமலையிலும் சமண மடங்கள் இன்றும் இருப்பதால், இந்தப் படிவரிசை இவ்வட்டாரத்துக்கு அயலானது அன்று. பழநியில் முருகன் நிற்கும் ஆண்டிக்கோலமும் கோவணக் கோலமே.

தேவாரத்தில் சிவனின் உடையாகக் கீளும் கோவணமும் பல இடங்களில் சேர்ந்து வரும். கீள் என்பது துணியைக் கிழித்து இடுப்பில் நாணாகக் கட்டுவது. கோவணத்தைத் தாங்குவது அதுதான். கயிற்றைத் தனியே பெயர் சொல்லிப் பாடிய மரபு, இந்த உடையில் கயிற்றின் பங்கு எவ்வளவு என்பதை அறிந்திருந்தது.

அமர்நீதி நாயனார் வரலாறு

கோவணத்துக்குத் தமிழில் கிடைத்த மிகப் பெரிய நினைவு, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் உள்ள அமர்நீதி நாயனார் வரலாறு. கும்பகோணத்தை அடுத்த பழையாறையைச் சேர்ந்தவர் அமர்நீதியார். பொன்னும் மணியும் ஆடையும் விற்ற வணிகர். சிவனடியாருக்கு உணவிட்டு, உடையும் கீளும் கோவணமும் கொடுப்பதைத் தொண்டாகக் கொண்டவர். திருநல்லூரில் அதற்கென்றே மடம் அமைத்தார்.

அந்த மடத்துக்கு ஒரு பிரமசாரி வருகிறார். கையில் தண்டு, தண்டில் இரண்டு கோவணமும் திருநீற்றுப் பையும். காவிரியில் நீராடி வருகிறேன், மழை வந்தாலும் வரும், உலர்ந்த இந்தக் கோவணத்தை வைத்திரும் என்று ஒன்றைக் கொடுத்துச் செல்கிறார். அதன் பெருமையை எளிதாக எண்ண வேண்டாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. வணிகர் பத்திரமாக வைத்த கோவணம் மறைந்துவிடுகிறது. திரும்பி வந்தவர் கேட்க, வணிகர் புதிய கோவணம் தர, அவர் மறுக்கிறார். தண்டில் இருக்கும் கோவணத்துக்கு எடை சரியாக ஒன்று தந்தால் போதும் என்கிறார். தராசு கட்டுகிறார்கள். ஒரு தட்டில் பிரமசாரியின் கோவணம். மறு தட்டில் வணிகரின் கோவணம், பிறகு மடத்திலிருந்த துணிகள், பிறகு பொன்னும் வெள்ளியும். தட்டு அசையவில்லை. கடைசியில் அமர்நீதியாரும் மனைவியும் மகனும் தட்டில் ஏறி நிற்கிறார்கள். அப்போதுதான் தராசு நேராகிறது.

இந்தக் கதையைப் பொதுவாக அடியார் பக்தியின் கதையாகவே படிக்கிறார்கள். அதில் பிழை இல்லை. ஆனால் தட்டில் வைக்கப்பட்டது இல்லறத்தானின் கோவணம் அன்று, பிரமசாரியின் கோவணம். அதற்கு ஈடாக நின்றதோ கணவன், மனைவி, பிள்ளை என்ற முழு இல்லறம். நோன்பின் எடையும் இல்லறத்தின் எடையும் ஒன்று என்றுதான் சேக்கிழாரின் தராசு சொல்கிறது. இல்லறத்தைத் தாழ்த்தித் துறவை ஏற்றும் பிற்காலப் பேச்சு இந்த வரலாற்றில் இல்லை. இதே நூலில் தில்லைக் குயவரான திருநீலகண்டர், மனைவியின் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இளமை முழுவதும் அவரைத் தீண்டாமல் ஒரே வீட்டில் வாழ்கிறார். கயிறும் இல்லை, பூட்டும் இல்லை.

ரமணரின் கோவணம்

திருவண்ணாமலையில் கோவணம் என்றால் நினைவுக்கு வருபவர் ரமண மகரிஷி. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்ற பின் அய்யங்குளத்துக்கு வந்தார், தலை மழித்தார், வேட்டியிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்துக் கோவணமாகக் கட்டினார், மீதித் துணியையும் கையில் இருந்த சில்லறையையும் பூணூலையும் எறிந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அதுவே அவர் உடை.

அது வெள்ளைக் கோவணம், காவி அன்று. அவர் யாரிடமும் முறைப்படி சந்நியாசம் பெறவில்லை. 1930களில் அவரது ஆசிரமத்தின் உரிமை குறித்த வழக்கில் கேட்டபோது, தாம் வாழ்க்கை நிலைகளான நான்கு ஆசிரமங்களுக்கும் அப்பாற்பட்ட அதியாசிரமி என்றார். கிழிந்த துணியை, முள்ளை ஊசியாகவும் அதே துணியில் உருவிய இழையை நூலாகவும் கொண்டு தாமே தைத்துக்கொண்டார் என்று ஆசிரம நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. அவருக்குக் கோவணம் எதையும் அடக்கும் கருவியாக இருக்கவில்லை; அடக்க வேண்டியது எதுவும் மீதியில்லாத ஒருவரின் போதுமான உடையாக இருந்தது.

மரமும் இரும்பும்

துணியால் நிறைவடையாதவர்களும் இருந்தார்கள். விருந்தாவனத்து நிம்பார்க்க மரபில் மரத்தால் ஆன இடைவாரும் கோவணமும் அணிந்த துறவிகளுக்குக் காட்டியா பாபா என்று பெயர். ஹொரேஸ் ஹேமன் வில்சன் 1828இலும் 1832இலும் வெளியிட்ட இந்து சமயப் பிரிவுகள் பற்றிய ஆய்வில், கரலிங்கிகள் என்ற நிர்வாணத் துறவிகளைக் குறிப்பிடுகிறார். புலனை வென்றதற்கு அடையாளமாக அவர்கள் குறியில் இரும்பு வளையமும் சங்கிலியும் மாட்டிக்கொண்டனர். கொராசானில் குத்புத்தீன் ஹைதரைப் பின்பற்றிய பக்கிரிகள் கழுத்திலும் காதிலும் அணிந்ததுபோலக் குறியிலும் இரும்பு வளையம் அணிந்ததை 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபன் பதூதா எழுதியிருக்கிறார். ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சுஸ், முன்தோலில் ஊசியால் துளையிட்டு, புண் ஆறிய பின் கொக்கி மாட்டும் முறையை விளக்கிவிட்டு, கொக்கி இலேசாக இருக்க வேண்டும் என்கிறார். தேவையானதைவிட தேவையில்லாமலே இது அதிகம் செய்யப்படுகிறது என்றும் சேர்க்கிறார். 2,000 ஆண்டுக்கு முந்திய அந்தக் கருத்து இன்றும் செல்லும்.

18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுயஇன்பம் நோய் தரும் என்ற அச்சம் பரவியபின், சிறுவர்களுக்கு முள்வளையங்களும் உலோக உறைகளும் மாட்டினார்கள். இங்கேதான் இந்த வரலாறு கோணலாகிறது. கரலிங்கி தன் உடலில் தானே மாட்டினான். சிறுவனுக்கோ மற்றவர் மாட்டினார்கள். அது நோன்பு அன்று, வதை.

கட்டும் முறை

ஒரு சாண் அகலமும் இரண்டு முழ நீளமும் உள்ள பருத்தித் துணி போதும். பழகி மெத்தென்றான வேட்டித் துணி புதுத் துணியைவிட நல்லது. கஞ்சி போட்டது ஆகாது. முதலில் அரைஞாண் கயிறு. இடுப்பெலும்பின் மேல் படிந்து, இரண்டு விரல் தடையில்லாமல் நுழைய வேண்டும். உட்கார்ந்தால் வயிறு பெருக்கும் என்பதால் அளவை உட்கார்ந்து பார்ப்பதே முறை. துணியின் ஒரு முனையை முன்புறக் கயிற்றில் உள்ளிருந்து மேலேற்றி வெளியே மடித்து விட்டு, மறு முனையைக் கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின்புறம் செருகி இழுக்க வேண்டும். விதைப்பையைக் கையால் முன்னே ஒதுக்கி வைத்த பிறகே இழுப்பது. தொடைக்கும் துணிக்கும் நடுவே விதை மாட்டினால் நடக்க முடியாது. குறியை மேல்நோக்கி வைப்பதா கீழ்நோக்கியா என்பதில் மல்லர் பயிற்சிக்கூடங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மேல்நோக்கி வைப்பதே உராய்வைக் குறைக்கும். குந்தி எழுந்து பார்த்து, துணி வெட்டாமல் தாங்கினால் கட்டு சரி. மல்லரின் லங்கோடு முக்கோணத் துணியும் நீண்ட வாலும் உடையது. இரண்டு சுற்று வருவதால் இறுக்கம் கூடும், பயிற்சி முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

விதைகள் உடலைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த வெப்பத்தில் இயங்குபவை. நாள் முழுதும் இறுக்கிக் கட்டுவது அவற்றுக்கு நல்லதல்ல. ஈரத்தோடு கட்டினால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டு நாள் அடக்கி, தொற்றை வேரூன்றச் செய்யும். நனைந்த அரைஞாணும் அதே தொற்றைச் சுமக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். துணியோடு கயிற்றையும் மாற்ற வேண்டும்.

பூட்டுகள்

இன்று விற்கும் ஆண் கற்புப் பூட்டு, விதைப்பைக்குப் பின்னால் மாட்டும் வளையம், குறியை மூடும் கூடு, சிறு பூட்டு என்ற மூன்று பாகம் உடையது. வளையத்தின் அளவே எல்லாம். குறி தளர்ந்த நிலையில் மென்மையான நாடாவால் விதைப்பையோடு சேர்த்து அடியைச் சுற்றி அளக்க வேண்டும். மாட்டிய பின் வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். மூடும்போது முன்தோல் பின்னால் இழுபட்டு நிற்கக் கூடாது. முதல் நாட்களில் பகலில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆணுக்கு உறக்கத்தில் ஓர் இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை குறி விறைப்பது இயல்பு. அது நோன்புக் குறைவும் அன்று, நோயும் அன்று. கெட்டியான வளையம் அந்நேரம் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். நாள்தோறும் கழற்றிக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். நிக்கல் கலந்த மலிவு உலோகம் ஒவ்வாமை தரும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்கள் இதைத் தவிர்ப்பதே சரி. குறி நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ உடனே கழற்ற வேண்டும். கழற்ற முடியாவிட்டால் மணிக்கணக்கில் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வளையத்தை வெட்டும் கருவிகள் அங்கே உண்டு. வெட்கத்தால் தாமதித்தவர்களே உறுப்பை இழக்கும் நிலைக்கு வருகிறார்கள். ஒரு சாவி அணிபவர் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். அமர்நீதியார் கதையின் பிரமசாரி தன் கோவணத்தைத் தானே கட்டினார், தானே அவிழ்த்தார். அந்த உரிமையை எடுத்துவிட்ட கட்டு எதுவாயினும் அதை நோன்பு என்று கொள்ள இயலாது.

விந்து இழப்பால் உடல் அழியும் என்ற அச்சம் இன்னும் இளைஞர்களை வாட்டுகிறது. இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் இதைத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டு வரையறுத்தார். அச்சத்தால் உடலைப் பூட்ட நினைப்பவருக்கு வேண்டியது பூட்டு அன்று, மனநல மருத்துவர்.

இன்றைய நிலை

உள்ளாடை வந்தபின் கோவணம் வயலிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. 2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் போராடிய தமிழக விவசாயிகள் அரையாடையோடு அமர்ந்தபோது நாடு அதை மீண்டும் பார்த்தது. அரைஞாண் கயிறு மட்டும் கருப்பிலும் சிவப்பிலும் கோயில் வாசல் கடைகளில் இன்றும் விற்கிறது.