தோட்டத் திடலில் மாடர்ன் தியேட்டர்ஸ்: பழைய படங்களும் புதிய படங்களும்

ஒரு கலைக்கூடம் தன் இளமைக் காலத்திலேயே மக்கள் நெஞ்சில் இடம்பெற்று விடுமாயின், பிற்காலத்தில் அது படைக்கும் ஒவ்வொன்றும் அதன் பழைய படைப்புகளோடு வைத்து நிறுக்கப்படும். தந்தையின் புகழே மைந்தனுக்குத் தடையாவது போல, முன்னைய வெற்றியே பின்னைய முயற்சிக்குப் பகையாகி விடுவதும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்சுக்கு இந்நிலை வாய்த்தது. அதன் பிற்காலப் படங்கள் முற்காலப் படங்களுக்கு ஈடாகுமா என்பது திரைப்படச் சுவைஞர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் கேள்வி.

தமிழகத்தின் நகரத் திரையரங்கில் அமர்ந்து இதற்கு விடை தேடுவது ஒரு முறை. கடல் கடந்து, நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டத் திடலில் நின்று விடை தேடுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் அக்கேள்வி மொழி வரலாற்றின் ஒரு பகுதியாகவே மாறிவிடுகிறது.

சேலத்தில் எழுந்த கலைக்கூடம்

திருச்செங்கோட்டில் 1907ஆம் ஆண்டு நெசவுத் தொழில் சார்ந்த குடும்பத்தில் பிறந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பியவர். அவர் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். படமெடுக்கும் தளம், கருவிகள், கலைஞர்கள், தொழிலாளர்கள் அனைவரையும் ஒரே மதிற்சுவருக்குள் கொண்டிருந்த அந்நிறுவனம், ஒழுங்குக்கும் நேரக் கண்டிப்புக்கும் பெயர்பெற்று விளங்கியது. அதன் முதற்படமான ‘சதி அகல்யா’ 1937இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ அங்கிருந்து வெளிவந்தது. 1956இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஆக்கியளித்த அந்நிறுவனம் 1982இல் ஓய்ந்தது.

இவ்வரலாற்றில் 1940 முதல் 1956 வரையிலான காலத்தையே பலரும் பொற்காலம் என்பர். பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கிய ‘உத்தம புத்திரன்’ 1940இல் வந்தது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் நாடகத்தைத் தழுவிய ‘மனோன்மணி’ 1942இல் வந்தது. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ 1950இல் ‘பொன்முடி’ ஆயிற்று. அதே ஆண்டில் மு. கருணாநிதியின் உரையாடலோடு ‘மந்திரி குமாரி’ வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ஏ. வி. பி. ஆசைத்தம்பி உரையாடல் எழுதிய ‘சர்வாதிகாரி’யும், 1953இல் ‘திரும்பிப் பார்’ படமும் தொடர்ந்தன.

திடலில் விரிந்த திரை

இப்படங்களை ஏற்ற தோட்டத்து மக்களின் நிலையையும் நோக்குதல் வேண்டும். சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பரந்திருந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பால்மரக் காட்டில் உழைத்து, மாலையில் லயத்து வீடுகளுக்குத் திரும்பியவர்கள். பள்ளி வயதுச் சிறார் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் அப்பள்ளிகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் தாங்கிய பள்ளிகள் பல. எழுத்தும் எண்ணும் கற்ற சிறுவன் அடுத்து கைக்கொண்டது பால் உளியே. அவனுக்கு இலக்கியத் தமிழின் வாயில் அத்தோடு அடைபட்டது.

அடைபட்ட வாயிலுக்கு அருகே திறந்த பலகணிகளுள் ஒன்று திரைப்படம். தோட்டத்துத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெண்துணி கட்டிப் படம் காட்டும் நாளில் சிறுவர் அந்திக்கு முன்பே பாய் விரித்து இடம் பிடிப்பர். பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து சேர்வர். கிராணிக்கும் கங்காணிக்கும் நாற்காலி, மற்றவர்க்குப் புல்தரை என்ற வேறுபாடு அங்கும் இருந்தது. ஆனால் விளக்கு அணைந்த பின்னர் எல்லாருக்கும் தமிழ் ஒன்றாகவே கேட்டது.

1948 முதல் 1960 வரை நாட்டில் நெருக்கடி நிலை நிலவியது. பல தோட்டங்களில் முள்வேலியும் ஊரடங்கும் மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின. ‘மந்திரி குமாரி’யும் ‘சர்வாதிகாரி’யும் தோன்றியது இக்காலத்தில்தான். வேலிக்குள் வாழ்ந்த மக்கள், கொடுங்கோலனை எதிர்த்து நிமிர்ந்து பேசும் ஒரு குரலைத் திரையில் கேட்டனர். அக்குரல் செந்தமிழில் அடுக்கடுக்காக ஒலித்தது. துரையின் முன் தலைகுனிந்து நின்று பழகிய காதுக்கு அது வெறும் பொழுதுபோக்காக மட்டும் ஒலித்திருக்க இயலாது.

படம் முடிந்த பின்னரே அதன் இரண்டாம் வாழ்வு தொடங்கியது. திரைப்பட உரையாடல்கள் சிறு நூல்களாக அச்சாகிப் பரவிய காலம் அது. தோட்ட இளைஞர்கள் அவற்றை மனப்பாடம் செய்தனர். மாரியம்மன் திருவிழாவிலும், கோ. சாரங்கபாணியின் முயற்சியால் 1950களின் தொடக்கத்தில் தோன்றிய தமிழர் திருநாள் விழாக்களிலும் மேடை அமைத்து வேடம் புனைந்தனர். பகலில் பால் வாளி சுமந்தவன் இரவில் தளபதியானான். களை வெட்டியவன் இராசகுருவானான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்ட அளவிலேயே நீண்ட தொடர்களைத் தவறின்றி ஒப்பித்தனர். மோனையும் எதுகையும் அடுக்கும் முரணும் இலக்கணப் பெயர்களாக அவர்களுக்கு அறிமுகமாகவில்லை; நாவின் பழக்கமாக வந்து சேர்ந்தன.

கடனும் உடைமையும்

பழைய படங்கள் தமிழ் மண்ணில் முளைத்தவை, பிற்காலப் படங்கள் பிறரிடம் கடன் வாங்கியவை என்று சிலர் வேறுபாடு காட்டுவர். இது வரலாற்றுக்குப் பொருந்தாது. ‘உத்தம புத்திரன்’ இரும்பு முகமூடி மனிதன் பற்றிய மேலைநாட்டுக் கதையின் தழுவல். ‘சர்வாதிகாரி’ ஓர் அமெரிக்கப் படத்தின் வழி வந்தது. 1891இல் வெளியான மனோன்மணீயமே ஆங்கில எழுத்தாளர் லிட்டனின் கதையொன்றை அடியாகக் கொண்டது. எனவே கடன் வாங்குதல் பழையோர்க்கும் புதியோர்க்கும் பொது.

வேறுபாடு, வாங்கிய கடனை என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. சுந்தரம் பிள்ளை வாங்கிய கதைக்குத் தமிழ் யாப்பில் உயிர் கொடுத்தார். மாடர்ன் தியேட்டர்சின் பழைய படங்களிலும் பிறநாட்டு எலும்புக்கூட்டின்மேல் தமிழ்த் தசை பூட்டப்பட்டது. ‘மந்திரி குமாரி’யோ ஐம்பெருங்காப்பியங்களுள் பெரும்பகுதி மறைந்துபோன குண்டலகேசியின் கதையையே அடிப்படையாகக் கொண்டது. கள்வனான கணவன் தன்னை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முற்படுவதை உணர்ந்த பெண், அவனையே வீழ்த்தும் காட்சி அப்படத்தின் உச்சம். குண்டலகேசி என்னும் பெயரைக்கூடக் கேட்டிராத தோட்டத்துப் பெண், அக்காப்பியத்தின் உயிர்நாடியைப் புல்தரையில் அமர்ந்து கண்டாள். ஏட்டிலிருந்து அழிந்தது திடலில் உயிர்த்தது என்பது மிகையன்று.

பிற்காலப் படங்கள்

டி. ஆர். சுந்தரம் 1963இல் மறைந்தார். அவர் மைந்தர் இராமசுந்தரம் பொறுப்பேற்றார். 1965இல் ‘வல்லவனுக்கு வல்லவன்’, 1966இல் ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’, 1972இல் ‘கருந்தேள் கண்ணாயிரம்’ எனத் துப்பறியும் படங்களும் சண்டைப் படங்களும் தொடர்ந்து வந்தன. ஜேம்ஸ்பாண்டு படங்கள் உலகெங்கும் பரவியிருந்த அக்காலத்தில், ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு எனப் புகழப்பட்டார். வேதா இந்தி மெட்டுகளைத் தழுவி அமைத்த பாடல்கள் இன்றும் பலருடைய நினைவில் நிற்கின்றன.

இப்படங்களைத் திறமைக் குறைவானவை எனத் தள்ளுவது நேர்மையாகாது. விரைவு, ஒளிப்பதிவு, விறுவிறுப்பான கதைப்போக்கு ஆகியவற்றில் அவை தம் காலத்திற்கு ஈடுகொடுத்தன. நகைச்சுவை நடிகையாகவே அறியப்பட்ட மனோரமாவை 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதைத்தலைவியாக்கிய துணிவும் இந்நிறுவனத்துக்கே உரியது. புதுமையை முந்திக்கொண்டு பற்றும் இயல்பைச் சுந்தரமே வகுத்தளித்தார். வண்ணத்தையும் இந்திப் படத் தழுவலையும் ‘அலிபாபா’வில் கொண்டுவந்தவர் அவரே. ஆதலின் மாற்றத்தின் வித்து நிறுவனரின் கையாலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

எனினும் தோட்டத் திடலில் நின்று நோக்குவார்க்கு ஓர் இழப்பு தெளிவாகப் புலப்படும். துப்பறியும் படத்தின் உயிர் துரத்தலிலும் மறைவறையிலும் மாறுவேடத்திலும் இருக்கிறது. கார்களின் துரத்தலைத் திருவிழா மேடையில் நடித்துக் காட்ட இயலாது. மறைபொருள் வெளிப்பட்ட பின்னர் அக்கதையை மீண்டும் ஒப்பிப்பதிலும் சுவையில்லை. பழைய படம் கண்டவன் மறுநாள் பேசினான். புதிய படம் கண்டவன் மறுநாள் பாடினான். ஆனால் பேசுவதற்கு அது அவனுக்கு மிகுதியாக எதையும் தரவில்லை. நடிப்பவனாக இருந்த தொழிலாளி காண்பவன் மட்டும் ஆனான்.

இம்மாற்றத்துக்குச் சேலத்தை மட்டும் குற்றம் சொல்வதும் பொருந்தாது. இந்நாட்டில் 1963 திசம்பரில் தொலைக்காட்சி தொடங்கியது. இளைஞர் பேருந்தேறிச் சிரம்பான் திரையரங்குகளுக்குச் செல்லத் தொடங்கினர். திடலும் மெல்ல வெறிச்சோடியது.

அண்டை வீட்டு எடுத்துக்காட்டு

மலாய்த் திரையுலகமும் இதே கேள்வியைச் சந்தித்தது. பி. ரம்லியைத் தம் ‘பக்தி’ படத்தின் வழி 1950இல் கதைத்தலைவராக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் கலைக்கூடத்தில் அரிய படங்களைத் தந்த ரம்லி, 1964இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா கலைக்கூடத்துக்கு மாறினார். அங்கு அவர் ஆக்கிய படங்கள் முன்னையவற்றுக்கு ஈடல்ல என்றே பலரும் கருதினர். 1973இல் அவர் மறைந்த பின்னரே நாடு அவருடைய அருமையை முழுதும் உணர்ந்தது. ஒரு கலைக்கூடத்தின் பெருமை தனி ஒருவரின் திறமையால் மட்டும் அமைவதில்லை. உடனுழைக்கும் குழுவும், ஏந்திக்கொள்ளும் மக்களும், பொருந்திய காலமும் ஒன்றுகூடுதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

பழமையின் குறை

பழைய படங்களைப் போற்றுமிடத்து அவற்றின் குறையை மறைத்தலும் ஆகாது. அரசனும் அமைச்சனும் பேசிய அத்தமிழில் தோட்டத்தின் சொந்தக் கதைக்கு இடமிருந்ததில்லை. இரண்டாம் உலகப்போரைப் பொருளாகக் கொண்டு 1945இல் ‘பர்மா ராணி’ வெளிவந்த வேளையில் மலாயா சப்பானியர் பிடியில் இருந்தது. இங்கிருந்து சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட தோட்டத் தமிழரின் துயரம் சேலத்துத் திரையில் எழவில்லை. அதைச் சொல்லும் கடமை இந்நாட்டு எழுத்தாளர்க்கே வந்து சேர்ந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் அக்கடமையை ஏற்றன. மேடையில் பிறர் சொற்களைப் பேசிப் பழகிய ஒரு சமூகம், பின்னர்த் தன் கதையைத் தானே எழுத முற்பட்டது. பழைய படங்களின் உண்மையான வாரிசு அவற்றுக்குப் பின் வந்த படங்களா, இவ்வெழுத்துகளா என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

சேலத்தில் அக்கலைக்கூடம் இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகள் உள்ளன. நுழைவாயில் வளைவு ஒன்றே சாலையோரத்தில் எஞ்சி நிற்கிறது. நெகிரி செம்பிலானிலும் அவ்வாறே செண்டாயான் தோட்டப் பரப்பில் புதுநகர் எழுந்துள்ளது. ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. திரையும் மறைந்தது, திரை கட்டிய திடலும் மறைந்தது.

பிற்காலப் படங்கள் முற்காலப் படங்களுக்கு ஈடாகுமா என்னும் வினாவுக்கு, தொழில்திறத்தில் பெரிதும் ஈடாகும், மொழிக்கொடையில் ஈடாகாது என்பதே நடுவுநிலை விடையாகும். எந்தப் புதிய படைப்பையும் நிறுப்பதற்கு இதில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது: கண்டவன் எதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான் என்பதே அது.

தோட்டப் பள்ளிகள் பல பெயர் மட்டும் தாங்கி நகர்ப்புறங்களுக்கு இடம்பெயர்ந்து விட்ட இந்நாளில், தமிழாசிரியர் இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். மாணவரின் பாட்டனாரோ பாட்டியாரோ அன்று மேடையில் பேசிய வசனத்தை ஒருமுறை கேட்டு எழுதி வரச் செய்தால், பாடநூலில் வருமுன்பே இலக்கணம் அவ்வீட்டில் வாழ்ந்திருந்ததை மாணவர் காண்பர். அம்முதியோர் இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர். கேட்டு எழுதும் பணி நாள் கடத்தத் தக்கதன்று.