கலப்புத்தன்மை

காலனி ஆட்சியில் ஆள்வோர் பண்பாடும் ஆளப்படுவோர் பண்பாடும் உரசும் இடத்தில், இரண்டிலும் அடங்காத பேச்சும் வழக்கமும் அடையாளமும் பிறப்பதைக் குறிக்கும் பின்காலனியக் கலைச்சொல். இன்று பெரும்பாலும் பாராட்டாகப் புழங்குகிறது. தொடங்கியது வசையாக.

ஆங்கிலத்தில் ‘ஹைப்ரிடிட்டி’ எனப்படும் இச்சொல்லின் வேர் இலத்தீன். அம்மொழியில் ‘ஹிப்ரிடா’ என்றால் வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டு ஆண்பன்றிக்கும் பிறந்த குட்டி. உரோமைத் தகப்பனுக்கும் அயல்நாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளையையும் அதே பெயரால் அழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இனவாத அறிவியல் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. அலபாமாவின் மொபீல் நகரத்து மருத்துவர் ஜோசையா நாட், அடிமைகளை வைத்திருந்தவர், 1843-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறக்கும் பிள்ளைகள் வலுவற்றவர்கள், நெடுநாள் வாழாதவர்கள், அவர்கள் வம்சம் தழைக்காது என்பது அதன் சாரம். உடற்கூற்றியலாளர் இராபர்ட் நாக்ஸ் 1850-இல் வெளியிட்ட ‘மனித இனங்கள்’ நூலும் கலப்பினம் நிலைக்காது என்றே சாதித்தது. பண்ணைதோறும் எசமானர்களின் முகச்சாயலோடு அடிமைப் பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இதெல்லாம் அறிவியல் என்று அச்சேறியது.

சொல்லை இரத்தத்திலிருந்து மொழிக்கு நகர்த்தியவர் மிகயீல் பக்தின். கசக்ஸ்தானில் நாடுகடத்தப்பட்டிருந்தபோது 1934–35-இல் எழுதிய ‘நாவலில் சொல்லாடல்’ என்ற நீண்ட கட்டுரையில், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு குரல்கள் இருக்க முடியும் என்று காட்டினார். ஒரு குரல் இன்னொன்றைத் தோலுரிக்கும்படி எழுத்தாளர் வேண்டுமென்றே செய்யும் கலப்பு ஒன்று. மொழிகள் தம்மையறியாமல் கலந்துபோவது மற்றொன்று. பின்னால் வந்தவர்களுக்குக் கைகொடுத்தது முதல் வகை. கியூபாவில் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸ் 1940-இல் புகையிலையையும் சர்க்கரையையும் வைத்து எழுதிய நூலும் வேறு சொல்லால் இதையொட்டிய சிந்தனையையே முன்வைத்தது.

பின்காலனியத்தில் இச்சொல்லை நிலைநிறுத்தியவர் ஹோமி பாபா. 1949-இல் மும்பையில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆள்வோரைப் ‘போலச்செய்தல்’ பற்றி 1984-இல் எழுதிவிட்டு, அடுத்த ஆண்டு கலப்புத்தன்மைக்கு வந்தார். அந்தக் கட்டுரையின் உயிர் ஒரு மரத்தோப்பில் இருக்கிறது. 1817 மே முதல் வாரம். டெல்லிக்கு வெளியே மர நிழலில் ஐந்நூறு பேர் வரை கூடி அமர்ந்து, தம் மொழியில் பெயர்க்கப்பட்ட நற்செய்தி நூலை வாசித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேள்விப்பட்டு மீரட்டிலிருந்து விரைந்து வருகிறார் ஆனந்த் மசீஹ் என்ற இந்திய உபதேசியார். இது ஐரோப்பிய சாகிபுகளின் வேதம் என்கிறார். அவர்கள் ஒப்பவில்லை: சாகிபுகள் இறைச்சி தின்பவர்கள், அவர்கள் வேதம் எப்படி இதுவாகும்? அரித்வார் சந்தையில் கடவுளின் தூதர் தந்தது இது. ஞானஸ்நானம் பெறச் சொன்னால், அறுவடை இருக்கிறது, ஊருக்குப் போகவேண்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். மற்ற வழக்கங்களுக்கெல்லாம் சம்மதம். நற்கருணை மட்டும் வேண்டாம், ஐரோப்பியர் மாட்டிறைச்சி உண்பவர்கள் ஆயிற்றே.

இதை மதமாற்றம் என்றோ எதிர்ப்பு என்றோ சொல்லிவிட முடியாது. நூலை அவர்கள் தலைமேல் வைத்துக்கொண்டார்கள், கொடுத்தவனைத்தான் கழற்றிவிட்டார்கள். அதிகாரம் தன் சொல்லை ஊரெங்கும் பரப்பியே ஆகவேண்டும்; பரப்பியதும் அந்தச் சொல் அதன் கையில் நிற்பதில்லை. பாபா கலப்புத்தன்மை என்றது இந்தக் கைநழுவலை. ‘பண்பாட்டின் இருப்பிடம்’ (1994) தொகுப்புக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது; பரவிய வேகத்தில் இரண்டு பண்பாடுகள் இனிதே கலந்த கூட்டுக்கறி என்ற பொருளாகத் தேய்ந்தும் போனது. பாபாவின் முறுக்கிய நடைக்கும் அந்தத் தேய்மானத்தில் பங்குண்டு.

இலத்தீன் அமெரிக்காவில் இச்சொல் தனி வழியில் வளர்ந்தது. நெஸ்தோர் கார்சியா கான்க்ளீனியின் ‘கலப்புப் பண்பாடுகள்’ நூல் 1990-இல் வந்தது. மெக்சிகோ எல்லை நகரான திஹுவானாவில் கழுதைக்கு வரிக்குதிரைக் கோடு தீட்டி, எரிமலையும் கள்ளிச்செடியும் வரைந்த திரைக்கு முன் நிறுத்தி, அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளைப் படம் பிடிப்பதை அதில் விவரிக்கிறார். அது அசல் இல்லை என்பது கழுதைக்காரருக்கும் தெரியும், பயணிக்கும் தெரியும்.

எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. ஐஜாஸ் அகமது, ஆரிஃப் டிர்லிக், பெனிட்டா பாரி ஆகியோர் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி: நிலம் பறிபோனதும் கூலி மறுக்கப்பட்டதும் எங்கே? மேற்கத்தியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் புலம்பெயர்ந்த அறிவாளிக்கு வாய்த்த சுதந்திரத்தை எல்லோருக்கும் ஏற்றிச் சொல்லலாமா? இராபர்ட் யங் 1995-இல் ‘காலனிய வேட்கை’ நூலில் இன்னும் ஆழமாகக் கிளறினார். விக்டோரியா காலத்து இனவாதச் சொல்லைத் தூசிதட்டி எடுத்தவர்கள் அதன் பழைய ஆவியையும் கூடவே கூட்டிவந்துவிட்டார்களோ என்பது அவர் ஐயம். பெருவின் அந்தோனியோ கோர்னெஹோ போலார் 1997-இல், கலப்பு உயிர்கள் மலடாவதுண்டே, கோவேறு கழுதையைப் பாருங்கள் என்று உருவகத்தின் ஆபத்தை நினைவூட்டினார். கான்க்ளீனி மரபியலாளர் மெண்டலையும் கலப்புத் தானியங்களையும் காட்டிப் பதில் சொன்னார்.

தமிழில் ஆளுக்கு ‘கலப்பு’ என்றால் முகம் சுளிப்பவர்களும் விதைக்கு ‘வீரிய ஒட்டு’ என்று பெருமையோடு சொல்வார்கள். ஆனால் வீரிய ஒட்டு மக்காச்சோளம் போட்டவரைக் கேட்டால் தெரியும்: முதல் போகம் களஞ்சியம் நிறையும், அதிலேயே விதை எடுத்து வைத்தால் அடுத்த போகம் அந்த விளைச்சல் வராது, மறுபடி கடைக்குத்தான் போகவேண்டும்.