ஃபைபர் வேலை (வாகன உட்புறம்)

கண்ணாடி இழை மேட்டை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, லாரி கேபினுக்கு டேஷ்போர்டு, கதவுப் பலகை, ஸ்பீக்கர் பெட்டி முதலியவற்றைச் செய்யும் கைத்தொழில். அச்சு, பிரஷ், ரோலர் இருந்தால் வீட்டு முற்றமே பட்டறையாகும். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் இதே நுட்பத்தைப் படகுகளில் காணலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கட்டுமரங்கள் நொறுங்கியபின் இக்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின.

பாலியெஸ்டர் ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி, அதன் பிறகே ஹார்டனரை எடையில் 1 முதல் 2 விழுக்காடு சேர்க்க வேண்டும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். வீட்டில் செய்பவர் எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. கோடையில் கலவை டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. வெள்ளை மேட் ரெசினைக் குடித்ததும் தெளிந்து அச்சின் நிறம் தெரியும். வெளிறிய புள்ளி நின்றால் உள்ளே காற்று இருக்கிறது, ரோலரால் வெளியேற்ற வேண்டும். தெர்மாகோலில் அச்சு செதுக்கினால் செல்லோடேப் சுற்றி மூடுவது அவசியம். இல்லையேல் ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும்.

இறுகியதும் உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பார்கள் அல்லது ரெக்சின் ஒட்டுவார்கள். தேய்க்கும்போது பறக்கும் தூசு தோலில் அரிப்பை உண்டாக்கும், நுரையீரலுக்கும் கெடுதல். முகமூடியும் கையுறையும் கட்டாயம். வண்டியில் பொருத்தும்போது சட்டத்தையும் கவனிக்க வேண்டும்: பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.