ஊதாரி மைந்தன் உவமை

ஊதாரி மைந்தன் உவமை என்பது இயேசு கூறியதாக லூக்கா நற்செய்தியில் (15:11-32) இடம்பெறும் உவமைக் கதையாகும். தமிழ்ப் புரட்டஸ்தாந்து கிறித்தவரிடையே இது கெட்ட குமாரன் உவமை என்று பரவலாக அறியப்படுகிறது. காணாமற்போன மகன் உவமை என்ற பெயரும் உண்டு. ஏனைய மூன்று நற்செய்திகளிலும் இக்கதை காணப்படவில்லை. பெயர்கள் அனைத்தும் இளைய மகனையே சுட்டினாலும் கதையில் இரு மகன்கள் உள்ளனர். மூத்தவனைப் பற்றிய பிற்பகுதியை விட்டுவிட்டு வாசித்தால் உவமை பாதியில் நின்றுவிடும்.

சூழல்

வரிதண்டுவோரும் பாவிகள் எனப்பட்டோரும் இயேசுவிடம் வந்தனர். அவர்களுடன் அவர் உணவருந்துவதைக் கண்டு பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுத்தனர். அதற்கு மறுமொழியாக மூன்று உவமைகள் கூறப்படுகின்றன. முதலாவதில் நூறு ஆடுகளில் ஒன்றும், இரண்டாவதில் பத்து நாணயங்களில் ஒன்றும், மூன்றாவதில் இரண்டு மகன்களில் ஒருவனும் காணாமற்போகின்றனர். முதல் இரண்டிலும் இழந்தவர் தேடிச் செல்கிறார். மூன்றாவதில் எவரும் தேடிச் செல்வதில்லை.

கதை

இளைய மகன் தந்தை உயிருடன் இருக்கும்போதே தன் பங்கைக் கேட்கிறான். தந்தை சொத்தை இருவருக்கும் பகிர்ந்தளிக்கிறார். இளையவன் தொலைநாடு சென்று அனைத்தையும் அழிக்கிறான். அங்குப் பஞ்சம் ஏற்படவே, பன்றி மேய்க்கும் வேலையில் அமர்ந்து, பன்றிகள் தின்னும் நெற்றுகளுக்கும் ஏங்குகிறான். யூத சமயச் சட்டப்படி பன்றி தீட்டான விலங்கு (லேவியர் 11:7). ஆகவே இது வறுமையை மட்டுமன்றி, தன் மக்களிடமிருந்து அவன் முற்றிலும் அறுபட்டதையும் காட்டுகிறது. அவன் அறிவு தெளிந்து, கூலியாளாகவேனும் சேர்த்துக்கொள்ளுமாறு தந்தையிடம் வேண்ட எண்ணித் திரும்புகிறான்.

தொலைவில் வரும்போதே தந்தை கண்டு, ஓடிச்சென்று தழுவிக்கொள்கிறார். மேலாடை, மோதிரம், காலணி ஆகியவை அணிவிக்கப்பட்டு, கொழுத்த கன்று அடிக்கப்பட்டு விருந்து நடக்கிறது. வயலிலிருந்து வரும் மூத்தவன் ஆடல்பாடல் ஒலி கேட்டு, காரணம் அறிந்து, சினங்கொண்டு உள்ளே வர மறுக்கிறான். தந்தை வெளியே வந்து அவனையும் வேண்டுகிறார். மூத்தவன் உள்ளே சென்றானா என்பதைச் சொல்லாமலே கதை முடிகிறது.

சொத்தும் சட்டமும்

இணைச்சட்டம் (உபாகமம்) 21:17 தலைமகனுக்கு இரட்டைப் பங்கு அளிக்கிறது. அதன்படி இரு மகன்களில் இளையவனுக்கு மூன்றில் ஒரு பங்கே உரியது. அதனை அடுத்து வரும் வசனங்கள் (21:18-21) பெற்றோருக்குக் கீழ்ப்படியாத, பெருந்தீனிக்காரனும் குடிகாரனுமான மகனை ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கின்றன. தந்தை உயிரோடிருக்கையில் சொத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று சீராக்கின் ஞானம் 33ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. இப்பின்னணியை அறிந்தோர்க்குத் தந்தையின் செயல் வியப்பையே, சிலருக்கு எரிச்சலையும், அளித்திருக்கும்.

பெரும்பாலும் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. மன்னிப்புப் பெற்ற இளையவனுக்கு அவன் அழித்த பங்கு திரும்பக் கிடைப்பதாகக் கதை கூறவில்லை. எஞ்சிய அனைத்தும் மூத்தவனுக்கே உரியவை எனத் தந்தை தெளிவாகச் சொல்கிறார். மகன் என்ற உரிமை மீள்கிறது; செலவழிந்த செல்வம் மீள்வதில்லை. மன்னிப்பு என்பது செய்த செயலின் விளைவுகளை இல்லாமற் செய்வது என்று இவ்வுவமையிலிருந்து கொள்வது பொருந்தாது.

உறவும் பொறுப்பும்

இளையவன் ஒத்திகை பார்த்த சொற்களில் பாவத்தை ஏற்றல், மகனெனப்படத் தகுதியின்மை, கூலியாளாக்குமாறு வேண்டல் என மூன்று கூறுகள் உள்ளன. பஞ்சத்தையோ தீய நண்பரையோ அவன் குறை கூறவில்லை. தந்தைமுன் முதலிரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் தந்தை பணியாளரை அழைத்துவிடுகிறார். (மூன்றாவது கூறினையும் இவ்விடத்தில் சேர்த்துள்ள கையெழுத்துப் படிகளும் உள்ளன.)

மூத்தவனோ வீட்டைவிட்டு நீங்காமலே கூலியாளின் கணக்கைப் பேசுகிறான். தான் இத்தனை ஆண்டுகள் செய்த பணியைக் குறிக்க அவன் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் அடிமை வேலையைக் குறிப்பது. வந்தவனைத் தம்பி என்னாமல், தந்தையின் மகன் என்று விலக்கியே பேசுகிறான். தந்தை அச்சொல்லைத் திருத்தி, அவன் உன் சகோதரன் என்று நினைவூட்டுகிறார். உவமையின் உயிர்நிலை இவ்விடமே எனலாம். தந்தை ஏற்றுக்கொண்டவனைச் சகோதரனாக ஏற்பதா என்ற முடிவை மூத்தவனே எடுக்க வேண்டியுள்ளது. அதனைத் தந்தை அவனுக்காக எடுக்க இயலாது. அமெரிக்கப் போதகர் திமொத்தி கெல்லர் 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தொலைந்தவனைத் தேடிச் சென்றிருக்க வேண்டியவன் மூத்த மகனே என்று கருதுகிறார். தன் சகோதரனுக்குத் தான் காவலாளியா எனக் கேட்ட காயினின் கதையுடன் இதனை ஒப்பிடலாம்.

விளக்க மரபுகள்

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன், இளைய மகன் பிற இனத்தாரையே குறிப்பதாக வாதிட்டார். திருமுழுக்குப் பெற்றபின் பெரும்பாவம் செய்தோரைத் திருச்சபை மீண்டும் சேர்ப்பதற்கு இவ்வுவமை சான்றாகக் காட்டப்படுவதை அவர் விரும்பவில்லை. மூத்தவன் யூதர், இளையவன் பிற இனத்தார் என்ற உருவக விளக்கம் அகுஸ்தீன் முதலியோரிடமும் உண்டு. இவ்விளக்கம் யூத வெறுப்புக்கு இடமளித்ததால் இக்கால அறிஞர் பலர் அதனைத் தவிர்க்கின்றனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 ஆம் ஆண்டின் திருத்தூது ஊக்கவுரையில், ஒவ்வொரு மனிதரும் இளைய மகனாக இருப்பது போலவே மூத்த மகனாகவும் இருக்கின்றார் என்ற கருத்தை எடுத்துரைத்தார்.

கலையிலும் வழிபாட்டிலும்

ரெம்பிராண்ட் தம் வாழ்வின் இறுதியில் (1669 அளவில்) இக்காட்சியை வரைந்தார். இவ்வோவியம் உருசியாவின் சென் பீட்டர்சுபர்க் நகரிலுள்ள எர்மித்தாசு அருங்காட்சியகத்தில் உள்ளது. டச்சு கத்தோலிக்கக் குரு என்றி நூவன் 1986 இல் இதனை நேரில் கண்டார். தம்மை முதலில் இளைய மகனாகவும், பின்னர் மூத்த மகனாகவும், இறுதியில் தந்தையாக மாற அழைக்கப்பட்டவராகவும் உணர்ந்ததை அவர் 1992 இல் நூலாக வெளியிட்டார்.

கத்தோலிக்க திருச்சபையில் மூன்றாம் வழிபாட்டு ஆண்டின் தவக்கால நான்காம் ஞாயிறன்று இப்பகுதி வாசிக்கப்படுகிறது. கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் தவக்காலத்துக்கு முன்வரும் ஞாயிறுகளில் ஒன்று ஊதாரி மைந்தன் ஞாயிறு என்றே பெயர் பெற்றுள்ளது.